வராத தோழிக்காகக் காத்திருந்தோம்

இணையத்தில் வாங்கிய இத்தாலியப் பந்து விளையாட்டை இன்று மாலை சிங்கப்பூரின் பொங்கோலில், எங்கள் அடுக்குமாடி புளோக்கின் பின்புறப் புல்தரையில் ஆடிப் பார்த்தேன்.

முதலில் சிறிய வெள்ளைப் பந்தை வீச வேண்டும். பிறகு இருவரும் தங்கள் பெரிய பந்துகளை அதற்குப் பக்கத்தில் போய் நிற்கும்படி எறிய வேண்டும். யாருடைய பந்து தள்ளி நிற்கிறதோ, அவர்தான் அடுத்து எறிவார்.

சிவப்பும் நானே, பச்சையும் நானே.

காய்கறிப் பையோடு வந்த ஓர் அக்கா நின்றார்.

“இது ரெண்டு பேர் ஆடறதுதானே? தனியாவா ஆடுறீங்க?”

“இல்லக்கா, ஃபிரெண்டு வந்துட்டிருக்காங்க” என்றேன். அப்படி யாரும் இல்லை.

“அப்ப இருந்து பாத்துட்டே போறேன் லா” என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

இருபது நிமிடம் இருவரும் காத்திருந்தோம். கடைசியில் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, “வர முடியலையாம்” என்றேன்.

அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. “இவ்வளவு நேரம் கழிச்சு இப்பதான் சொல்றாங்களா? என்ன ஃபிரெண்டு லா இவங்க!”

சொல்லிக்கொண்டே ஒரு பச்சைப் பந்தைக் கையில் எடுத்து எடை பார்த்தார். ‘நீங்க ஆடுறீங்களா’ என்பது என் வாய்வரை வந்தது.

“பாவம்க்கா, அவங்களுக்கு வேலை அதிகம்” என்று இல்லாத தோழிக்குப் பரிந்து பேசினேன்.

பந்தைக் கீழே வைத்துவிட்டு அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

நாளையும் ஆறு மணிக்கு அங்கேதான் இருப்பேன். தோழி வேலை காலியாக இருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் கீழே கமெண்ட்டில் சொல்லலாம். முன் அனுபவம் தேவையில்லை.