மாடு துப்பிய தேள்வால் பூ

பள்ளிக்கூடச் சமையலறையில் தோரா உப்பைக்கூட அளவுக் கரண்டியில் தட்டிச் சமன்செய்துதான் போடுவாள். செடி விஷயத்திலும் அப்படித்தான். எடுத்த நாள், சாலையிலிருந்து எத்தனை மைல், மண்ணின் நிறம் எல்லாவற்றையும் சீட்டில் எழுதி, செய்தித்தாளுக்குள் அழுத்திக் காயவைத்து, பல்கலைக்கழகத் தாவரக் காப்பகத்துக்கு அனுப்புவாள். இருபத்திரண்டு வருஷத்தில் நானூற்றுப் பதினாறு செடிகள். அமெரிக்காவின் தெற்கு யூட்டாவில் அவளுடைய அண்ணன் ருலன் அந்த எண்ணைச் சொல்லாத ஆளே பாக்கியில்லை. அவள் எதிரில் மட்டும் "புல்லு பொறுக்கி" என்பார்.

அந்த நானூற்றுப் பதினாறில் ஒன்று அவளை அரித்துக்கொண்டிருந்தது. தேள் கொடுக்குப் போலச் சுருண்ட தண்டில் ஊதாவாகப் பூக்கும் தேள்வால். ஆற்றுக்கு மேற்கே ஒரு பாறை இடுக்கில் எடுத்தாள். மற்றவர்கள் எடுத்ததெல்லாம் ஆற்றுக்குக் கிழக்கேதான். அதனால் காப்பகத்தில் யாரோ அவள் சீட்டின் ஓரத்தில் பென்சிலால் 'இடம் சந்தேகம்' என்று எழுதிவிட்டார்கள். அதே இடத்தில் மறுபடி எடுத்து அனுப்பினால் அழிப்பார்களாம். ஆனால் குளிர்காலத்தில் நல்ல மழை பெய்தால்தான் அது முளைக்கும். ஏழு வருஷம் வானம் கைவிரித்தது.

எட்டாம் வருஷம் பெய்தது. ஏப்ரலில் ருலனின் டிரக்கில் போனார்கள். முளைத்திருந்தது. தோரா மண்டியிட்டு இரண்டு தடவை எண்ணினாள். பதினொன்று.

"பறியேன். என்ன பாத்துக்கிட்டே இருக்கே?"

"கூடாதுண்ணே. இருபது செடி இருந்தாத்தான் ஒண்ணு எடுக்கலாம்."

"ஏழு வருஷமா என் உசிர வாங்கிட்டு, இப்ப சட்டம் பேசுறியா? பென்சில்ல எழுதினவன் வந்து எண்ணவா போறான்?"

"நான் எண்ணிட்டேனே."

"சரி, போட்டோவாவது எடு."

"போட்டோவ ஏத்துக்க மாட்டாங்கண்ணே. அவங்களுக்குச் செடி வேணும்."

டிரக் நிழலில் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் முட்டை சாண்ட்விச் தின்றார்கள். தோரா திரும்பியபோது, ஒரு செவலைப் பசு இடுக்குக்குள் தலையை விட்டிருந்தது.

"ஏய்! போ! போ!" தொப்பியை வீசிக்கொண்டு ஓடினாள்.

பசு ஒரு செடியை வேரோடு இழுத்தது. ஒரு கடி கடித்தது, நாற்றம் பிடிக்காமல் துப்பிவிட்டு நடந்தது. அதன் விலாவில் ருலனின் சூட்டு முத்திரை.

"என் மாட்டுக்கு உன் சட்டம் தெரியாதுல்ல," என்றார் ருலன்.

"வாயைத் திறக்காதே. உன் மாடு பத்தாக்கிடுச்சு."

மணலில் வேரும் தண்டும் நாலு பூவும் முழுசாகக் கிடந்தன. ஒரு இலைதான் பாதி. தோரா தயங்கினாள்.

"நான் பறிக்கலையே?"

"அதையும் சீட்டுல எழுதேன்."

எழுதினாள்: 'பசு பிடுங்கித் துப்பியது. நான் எடுத்து வைத்தேன். மீதி பத்து.' அதற்குள் ருலன், யாரும் சொல்லாமலே, காய்ந்த முள்ளை இழுத்துவந்து இடுக்கின் வாயை அடைத்துவிட்டார்.

ஜூனில் கடிதம் வந்தது. பென்சில் குறிப்பை அழித்துவிட்டார்களாம். சேகரித்தவர் பெயரோடு பசுவின் பெயரையும் சேர்க்கலாமா என்று கீழே ஒரு கேலி வேறு.

ருலன் அதைத் தீவனக் கடையில் எல்லாருக்கும் உரக்கப் படித்துக் காட்டினார். "நானூத்திப் பதினேழு! கடைசி ஒண்ணு என் மாடு பறிச்சது."

"பறிக்கலண்ணே, துப்பிச்சு," என்று பின்னாலிருந்து திருத்தினாள் தோரா.