ஸ்பிரிங்வேல் மழையில் ஒரு பெயரைக் கொண்டு போனேன்

திங்கட்கிழமை காலை

சிட்னியில் ஏறிய பஸ் எண்ணூற்றெழுபது கிலோமீற்றர் ஓடி மெல்பேர்ன் ஸ்பென்சர் ஸ்ட்ரீட் நிலையத்தில் என்னை இறக்கிவிட்டது. 2003ஆம் ஆண்டு ஜூலை மாதக் கடைசி. இங்கே அது குளிர்காலம். மழை கொட்டுவதுமில்லை, நிற்பதுமில்லை. கோட்டுக் கழுத்துக்குள்ளால் மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தது.

தொழிற்சாலையில் ஒரு வாரம் லீவு கிடைத்திருந்தது. புத்த கோயில்களைப் பார்ப்பது, அவற்றின் அயலில் கிடைப்பதைச் சாப்பிடுவது என்று வந்தேன். எங்கள் ஆட்கள் கூடும் இடங்களில் எனக்கு வாய் வராது. எந்தக் கம்பஸ், பிள்ளைகள் என்ன படிக்கினம் என்று கேட்பார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். புத்த கோயில்களில் யாரும் எதுவும் கேட்பதில்லை. சப்பாத்தைக் கழற்றினால் போதும், உள்ளே விடுவார்கள்.

இன்னொரு வேலையும் இருந்தது. எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில், கொழும்பில், சிங்களக் கும்பலொன்று என் அண்ணனைத் தெருவில் மறித்துப் பெயர் கேட்டது. அவர் சொன்னார். தமிழ்ப் பெயர். அதோடு முடிந்தது. உடல் கிடைக்கவில்லை. நாள் சரியாகத் தெரியாததால் திதியும் செய்ய முடியவில்லை. கொழும்பில் நான் கடையில் நின்ற காலத்தில் பக்கத்து வீட்டுச் சிங்களவர்கள் பிக்குகளுக்குத் தானம் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். சாப்பாடு முடிந்ததும் செத்தவரின் பெயரைப் பிக்கு சத்தமாகச் சொல்வார். அப்படியொரு விகாரையில், அப்படியொரு பிக்குவின் வாயால், என் அண்ணனின் பெயர் சொல்லப்பட வேண்டும். சமாதானம் பேசப் போகவில்லை. பெயரைச் சொல்ல வைக்கப் போனேன்.

கிளேட்டனில் அக்கா வீட்டில் தங்கினேன். அங்கே யாருக்கும் இதைச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை

ஆடி அமாவாசை. கிளேட்டனிலிருந்து ரயிலில் இரண்டாவது நிலையம் ஸ்பிரிங்வேல். இறங்கியதும் மூக்குக்குத்தான் முதலில் வேலை. மல்லித்தழை, நட்சத்திரச் சோம்பு, மீன், ஈரக் கடதாசிப் பெட்டி எல்லாம் கலந்த வாசனை. கடைக்காரிகள் மழைக்கு மேலால் கத்தி விலை சொல்கிறார்கள். நான் விரதம் என்பதால் மாட்டெலும்புச் சூப்புக் கடைகளை மணந்துகொண்டே கடந்தேன்.

வியட்நாமியக் கோயில் ஊருக்குச் சற்றுத் தள்ளி இருந்தது. அவர்களுக்கும் அமாவாசை விசேஷமாம். முற்றத்தில் தகரக் கூரைக்குக் கீழே பெரிய பானைகள். காளான், தோஃபு, அரிசி நூடுல்ஸ் போட்ட சைவச் சூப். கிண்ணத்தைத் தந்த கிழவி, நான் கரண்டியைத் தேடுவதைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஈட், ஈட்! ஹாட்! யூ மேரீட்?"

"நோ" என்றேன்.

"வை நோ?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் இன்னொரு அகப்பை ஊற்றினாள்.

எங்கள் ஆட்கள் கேட்டிருந்தால் வியர்த்திருக்கும். அவளிடம் எனக்கும் சிரிப்பு வந்தது. ஆண்டாண்டாக அமாவாசைக்குப் பருப்பும் வாழைக்காயும் சாப்பிட்டவன் நான். இந்தச் சூப்பும் அதற்குக் குறைந்ததல்ல.

புதன்கிழமை

காலையில் அக்காவின் குசினியில் சோறும் பருப்பும் வாழைக்காய்க் குழம்பும் சமைத்தேன்.

"எந்தக் கோயிலுக்கு?" என்று அக்கா கேட்டா.

"இங்கினதான்" என்றேன்.

சட்டிகளைத் துணியில் கட்டிக்கொண்டு ரயிலும் பஸ்ஸும் பிடித்து, நோபிள் பார்க் பக்கம் வீடொன்றை விகாரையாக்கியிருந்த இடத்துக்குப் போனேன். எங்கள் கோயில்களில் மத்தியானப் பூசை முடிந்துதானே அன்னதானம். அந்த நினைப்பில் ஒரு மணிக்குப் போய் நின்றேன்.

இளம் பிக்கு ஒருவர் வாசலுக்கு வந்தார். சட்டியைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது. பன்னிரண்டுக்குப் பிறகு பிக்குகள் வாயில் சோறு வைக்கமாட்டார்களாம். நாளைக்கு நேரத்தோடு வரச் சொன்னார். மழைக்கால வஸ் நடக்கிறதாம். மூன்று மாதத்துக்கு அவர்கள் வேறெங்கும் போய்த் தங்கமாட்டார்கள் என்று ஆறுதலும் சொன்னார். கொழும்பில் நான் பார்த்த தானங்கள் எல்லாம் முற்பகலில் நடந்தவை என்பது அப்போதுதான் உறைத்தது.

நிறைந்த சட்டியோடு திரும்பியவனை அக்கா விடுவாவா? சொல்ல வேண்டியதாயிற்று.

அத்தான் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "உனக்கென்ன விசரே? சனிக்கிழமை எங்கட தமிழ்ச் சங்கக் கூட்டம். ஆக்கள் என்ன கதைப்பினம்? இஞ்சினியர் வீட்டு ஆள் சிங்களவன்ர பன்சலையில சோறு குடுக்கிறானெண்டு!"

"நான் இஞ்சினியர் இல்லையே, அத்தான்."

"பகிடி விடாத!"

அத்தானுக்கு நான் பயப்படவில்லை. அக்கா சொன்னதுதான் குத்தியது. அவ சட்டியைத் திறந்து பார்த்தபடி மெதுவாகச் சொன்னா. "அண்ணையின்ர பேர் அவங்கட வாயில வரக்கூடாது, தம்பி. அந்த வாய்கள்தானே கேட்டது. நீ போகக்கூடாது."

அண்ணன் எனக்கு மட்டும் அண்ணனில்லை. "நாளைக்குப் போவன், அக்கா" என்று மட்டும் சொன்னேன்.

வியாழக்கிழமை

குசினிக் கதவைப் பூட்டிவிட்டு அக்கா அறைக்குள் இருந்தா. பழைய சோற்றைத் தானம் கொடுக்க முடியாது. ஸ்பிரிங்வேலில் இறங்கி, வியட்நாமியரின் சைவக் கடையில் அரிசித்தாளில் சுற்றிய தோஃபு உருண்டைகளும் காளான் பிரட்டலும் பத்து டொலருக்கு வாங்கினேன். மழை அன்றைக்குச் சாய்ந்து பெய்தது. பஸ் சாரதி என் பொதியை மோந்துவிட்டு, தனக்கும் ஒன்று தந்தால் காசு வேண்டாம் என்றான். "இது செத்தவருக்கு" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் அதன்பிறகு கண்ணாடியில்கூட என்னைப் பார்க்கவில்லை.

பதினொரு மணிக்கு விகாரையில் நின்றேன். அன்று ஒரு சிங்களக் குடும்பத்தின் தானம். அம்மாவை இழந்தவர்கள். மேசையில் பாற்சோறு, இடியப்பம், பருப்பு, தேங்காய்ச் சம்பல், நடுவில் பெரிய மீன் குழம்பு. கோயிலுக்குள் மீன்! எனக்குத் தலை சுற்றியது. பிக்குகள் தமக்குக் கிடைத்ததைச் சாப்பிடுவார்களாம்.

தானம் கொடுக்கும் குடும்பத்துப் பெண் என் பொதியை வாங்கித் தட்டில் அடுக்கினாள். சிங்களத்தில் கேட்டாள், "யாருக்காக?"

"அண்ணனுக்கு."

"அப்ப எங்களோட சேர்ந்து தண்ணி ஊத்துங்கோ."

பெரிய பிக்கு தோஃபு உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இரண்டு சாப்பிட்டார். சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் நிலத்தில் இருந்தோம். ஒரு கிண்ணத்துக்குள் செம்புத் தண்ணீரை வார்க்க வேண்டும். அது நிறைந்து வழியும்போது புண்ணியம் செத்தவரைச் சேருமாம். அந்தப் பெண்ணும் அவள் தம்பியும் செம்பைப் பிடிக்க, நானும் ஒரு விரல் வைத்தேன். பிக்கு அவர்களுடைய அம்மாவின் பெயரைச் சொன்னார். பிறகு, "மறைந்த மற்ற உறவினர் எல்லோருக்கும்" என்றார்.

தண்ணீர் கிண்ண விளிம்புக்கு வந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் மணி அடிக்கவே கூச்சப்படுகிறவன் நான்.

"நில்லுங்கோ" என்றேன். தமிழில்தான் வந்தது. பிறகு சிங்களத்தில், "என் அண்ணனின் பெயரைச் சொல்ல வேண்டும்" என்றேன்.

பிக்கு நிமிர்ந்தார். "சொல்லுங்கள்."

"வல்லிபுரம் தில்லையம்பலம். யாழ்ப்பாணம்."

"எப்போது மறைந்தார்?"

"எண்பத்து மூன்று. ஆடி. கொழும்பு."

செம்பிலிருந்து ஒரு கை விலகியது. யாருடையது என்று நான் பார்க்கவில்லை. நான் பிக்குவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார், முழுப் பெயரையும், ஊரையும். தண்ணீர் வழிந்து தட்டில் ஓடியது.

உடனே எழும்பி ஓடிவிடவில்லை. இருந்து சாப்பிட்டேன். மீனைத் தொடவில்லை. இடியப்பம் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினேன். பெண்ணின் தம்பி அந்தப் பக்கம் வரவில்லை. அவள் சம்பலை என் பக்கம் தள்ளிவிட்டாள். புத்தர் சிலையை நன்றாக நிமிர்ந்து பார்த்தேன். அவர் யாருடைய தனிச் சொத்துமில்லை. அவருக்கு முன்னால் என் அண்ணனின் பெயரைச் சொல்ல யாரிடமும் அனுமதி வாங்கத் தேவையுமில்லை.

பின்னேரம் கிளேட்டனில் என் பையை எடுக்கப் போனபோது அத்தான் வீட்டில் இல்லை. அக்கா வாசலில் நின்றா. சிட்னியிலிருந்து வரும்போது இந்த நகரத்தில் நல்ல சாப்பாடு கிடைக்கும் என்று நினைத்தேன். கிடைத்தது. சிட்னியிலும் முருகன் கோயில் இருக்கிறது. அங்கேயும் ஐயர் அர்ச்சனைக்குப் பெயர் கேட்பார், உயிரோடு இருப்பவர்களின் பெயரை. அண்ணனின் பெயரைச் சொல்ல நான் மழைக்குள் இவ்வளவு தூரம் வரவேண்டியிருந்தது.

"சொன்னவங்களோ?" என்று அக்கா கேட்டா.

"சொன்னவர். முழுப் பேரும்."

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. கோபம்தான். "அவங்களே சொல்லிப்போட்டாங்கள். இனி நான் எப்பிடியடா அந்தப் பேரைச் சொல்லுறது?"

பையைத் தோளில் போட்டேன்.

"அவங்களை விடச் சத்தமாச் சொல்லுங்கோ, அக்கா. போட்டு வாறன்."