மண்டபத்துக்குத் தீர்வை

அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் பூசாரி பரிவட்டத் துணியைத் தட்டில் ஏந்தி வந்து, எப்போதும் முதல் மரியாதை பெறும் அண்ணாச்சியைத் தாண்டிப் போனார். தலையைக் குனிந்து நின்ற அண்ணாச்சி நிமிர்வதற்குள் துணி வேறொருவர் தலையில் ஏறிவிட்டது. அவர் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். கோவில்பட்டியை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த நொடிதான்.

அண்ணாச்சிக்குச் சொந்தமாகத் தீப்பெட்டித் தொழிற்சாலை இருந்தது. பல வருஷமாக அந்தக் கோயிலின் தர்மகர்த்தாவும் அவர்தான். நான் நகராட்சியில் வீட்டுத்தீர்வை வசூலிக்கும் வேலையில் இருந்தேன். சாமி இருக்கிற இடத்துக்கு வரி கிடையாது. அதில் யாருக்கும் சண்டையில்லை. கோயிலை ஒட்டிக் கட்டி, கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட்டுவந்த மண்டபம்தான் சிக்கல். நான் போகும்போதெல்லாம் காப்பி வரவழைத்துக் கொடுத்து, "அது அம்மன் சொத்துல்லா தம்பி, அவகிட்டயா தீர்வை கேக்கிய?" என்று சிரித்தே அனுப்பிவிடுவார். எனக்கும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

மழை பொய்த்த ஒரு கோடையில் ஊரே தண்ணீர் லாரியை நம்பி இருந்தது. அன்று மண்டபத்தில் கல்யாணம். நகராட்சி லாரி தெருவில் குடத்தோடு நின்ற பெண்களைக் கடந்து நேராக மண்டபத்துக்குள் திரும்பியது. தெருமுனையில் இட்லிக் கடை போட்டிருந்த அக்கா ஓடிப்போய் லாரிக்கு முன்னால் குடத்தை வைத்து நின்றுவிட்டார். சத்தம் கேட்டு வெளியே வந்த அண்ணாச்சி, "விசேஷ வீடு, வழி விடு தாயி" என்றார்.

"ஓலைக்கொட்டாய்க்கு நான் தீர்வை கெட்டுதேன் அண்ணாச்சி. இத்தாம் பெரிய மண்டபத்துக்கு நீங்க கெட்டுதீயளா? பொறவு தண்ணி மட்டும் உங்களுக்கு மொதல்லயா?"

அண்ணாச்சி லாரியைத் தெருவுக்குத் திருப்பச் சொல்லிவிட்டு வெயிலிலேயே நின்றார்.

அடுத்த கோயில் கூட்டத்துக்கு என்னையும் வரச் சொன்னார். "சாமிக்கு வரி கேட்டாவன்னா நானே முன்னால நின்னு சண்டை போடுவேன். நாம வாடகை வாங்குத கட்டடத்துக்குத்தான் கேக்காவ. கெட்டிருவோம்" என்றார். யாரும் அவரை எதிர்த்துக் கத்தவில்லை. "சர்ச்சுக்காரவிய கடை கட்டி வாடகைக்கு விட்டிருக்காவ, பள்ளிவாசலுக்கும் கடை இருக்கு. அவிய கெட்டட்டும், பொறவு பாப்போம்" என்று ஒருவர் சொன்னதற்கு எல்லாத் தலையும் ஆடியது.

அண்ணாச்சி அதையும் விடவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு சர்ச்சுக்குப் போனார், பள்ளிவாசலுக்கும் போனார். இரண்டு இடத்திலும் நல்ல மரியாதை. உட்காரவைத்துக் குளிர்ந்த மோர் கொடுத்தார்கள். இரண்டு இடத்திலும் ஒரே பதில்: "மத்தவிய ஆரம்பிக்கட்டும், நாங்க மாட்டோம்னா சொல்லுதோம்?" திரும்பி வரும்போது அண்ணாச்சி காரில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். "மூணு சாமியும் இந்த ஒரு விஷயத்துல ஒத்துமையா இருக்காவ பாத்தியா" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். இருவருக்குமே சிரிப்பு வரவில்லை.

அந்த வருஷக் கொடைக்கு முன்பே அவரைப் பொறுப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். இனத்தைக் காட்டிக்கொடுத்தவர் என்று சொந்தக்காரர்களே பேசினார்கள். புதிய நிர்வாகம் மண்டப வாசலில் 'பிரார்த்தனைக் கூடம்' என்று பலகை மாட்டி, உள்ளே ஒரு அம்மன் படமும் வைத்து, வரி கேட்கக் கூடாதென்று நகராட்சி மேல் வழக்கும் போட்டது. படத்துக்குக் கீழே கல்யாணப் பந்தி தடையின்றி நடந்தது.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அண்ணாச்சி இப்போது இல்லை. மண்டபத்துக்கு மேல் குளிர்சாதன வசதியோடு இன்னொரு தளம் எழும்பியிருக்கிறது. வழக்கு இன்னும் முடியவில்லை. கோயிலுக்கும் சர்ச்சுக்கும் பள்ளிவாசலுக்கும் வரி போடலாமா என்று டீக்கடையில் யாராவது ஆரம்பித்தால், என் பழைய வேலையை நினைத்து என் பக்கம் திரும்புவார்கள். டம்ளரை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறேன். நியாயம் தெரியாமல் யாரும் கேட்பதில்லை என்பது எனக்குத் தெரியும்.

அந்தக் கொடை முடிந்த மறு வெள்ளிக்கிழமை அண்ணாச்சியைக் கோயிலில் பார்த்தேன். பொது வரிசையில், கூட்டத்தோடு கூட்டமாக, அர்ச்சனைத் தட்டோடு நின்றிருந்தார். இனி அவர் அந்தப் பக்கமே வரமாட்டார் என்று நினைத்திருந்த நான், வாய் தவறிக் கேட்டுவிட்டேன்: "இவ்வளவு நடந்த பொறவுமா அண்ணாச்சி?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"வரி கெட்டாதேன்னு அம்மனா சொன்னா?"