கிளட்சுக்கு அப்பா ஊற்றிய எண்ணெய்

இன்று காலை கருங்கல் ஊர் ஏற்றத்தில் என் கல்யாணம் பாதி வழியில் நின்றுவிட்டது.

(வருடம் 1952. லைக் போட ஆள் கிடையாது. இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை!)

கொட்டாரத்துச் செல்லையாவுக்கு என்னைப் பேசியிருக்கிறார்கள். ஆள் நல்லவர். அவரிடம் ஒரு கார் இருக்கிறது. அதுதான் பிரச்சினை.

பழைய டூரிங் கார். கூரையை எடுத்துவிட்டார். மட்கார்டைக் கழற்றிவிட்டார். பட்டாளம் ஏலம் விட்ட லாரி எஞ்சினை உள்ளே வைத்துவிட்டார். நேர் ரோட்டில் பஸ்ஸை முந்தும். (நிற்பது அதன் விருப்பம்.)

எஞ்சின் பலத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது கிளட்ச். இந்தக் காரில் அது தோல் சுற்றிய ஒரு கூம்பு. லாரி எஞ்சினைத் தாங்காமல் தோல் தேய்ந்துபோனது. மேட்டைக் கண்டால் எஞ்சின் கத்தும், கார் நகராது.

என் அப்பா இராஜாக்கமங்கலத்தில் தேங்காய் வியாபாரி. சொந்தச் செக்கு உண்டு. அவர் போட்ட நிபந்தனை இது:

"தம்பி, என்னையும் எம் பெஞ்சாதியையும் வச்சு கருங்கல் சந்தைக்கு ஏத்திக் காட்டும். ஏறிச்சுன்னா கல்யாணத்தப் பேசுவோம். ஏறலன்னா நான் பஸ்ஸுல வீட்டுக்குப் போவேன். நீரு ஒம்ம சோலியப் பாத்துக்கிடும்."

நேற்று எங்கள் தோப்பில் வைத்தே கிளட்ச் மாற்றினார்கள். மெக்கானிக் ஞானதாஸ், ஞாயிறானால் சர்ச்சில் பாடுகிறவர், புதுத் தோலைச் சுற்றித் தைத்து முடித்துவிட்டுச் சொன்னார்:

"புதுத் தோலு, வெறைப்பா இருக்கு. ஒரு சொட்டு எண்ணெ தடவணும்."

எண்ணெய் என்ற சொல் அப்பாவின் காதில் விழுந்திருக்கக் கூடாது.

ஒரு செம்பு நிறைய வந்தது.

"நம்ம செக்கு எண்ணெயாக்கும். கஞ்சத்தனம் பாக்காம ஊத்தும்வே!"

"போதும் மொதலாளி..."

"எவனுக்குப் போதும்?"

அப்பாவே ஊற்றினார். ஞானதாஸ் செல்லையாவைப் பார்த்தார். செல்லையா வானத்தைப் பார்த்தார். பெண் கொடுக்கப் போகிறவர் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல எங்கள் பக்கத்தில் இன்னும் ஆள் பிறக்கவில்லை. செம்பு காலி.

இன்று காலை கிளம்பினோம். முன்னால் செல்லையாவும் அப்பாவும். பின்னால் அம்மா, அம்மாவுக்குக் காரில் வாந்தி வரும் என்பதால் துணைக்கு நான். படியில் தொற்றிக்கொண்டு ஞானதாஸ்.

சமதரையில் பறந்தது. அப்பா சிரிப்பதற்கு ஆயத்தமானார்.

ஏற்றம் வந்தது.

எஞ்சின் கத்தியது. கார் நின்றது. எண்ணெய் காய்ந்து, முந்திரிக்கொத்துப் பலகாரம் பொரிக்கிற வாசம் வந்தது!

பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டு ஒரு காலை வெளியே வைத்தார்.

"தம்பி, கோளாறு எதுல?"

உங்கள் எண்ணெயில் கிளட்ச் வழுக்குகிறது என்பதுதான் பதில். சொன்னாலும் கல்யாணம் இல்லை, சொல்லாவிட்டாலும் இல்லை. செல்லையா ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரை எனக்குப் பிடித்திருந்தது. (காரையும்தான்.)

ஞானதாஸ் எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, காலடிப் பலகையைத் தூக்கினார். உள்ளே கிளட்ச் எண்ணெய் வழிய மினுங்கியது. அம்மா எட்டிப் பார்த்தாள்.

நாங்கள் அய்யா வழிக்காரர்கள். புது உரல் வாங்கினாலும் வெள்ளை நாமம் சாத்தாமல் அம்மா தொட மாட்டாள். இடித்த நாமக்கட்டி, வெறும் வெள்ளை மண்தான், ஒரு டப்பா நிறைய எப்போதும் கையில் இருக்கும்.

"ஏன் மக்கா, புதுசா மாத்துன சாமானுக்கு நாமம் சாத்தலியா?"

"மாமி, அது மிஷினு..." என்றார் செல்லையா.

"மிஷினுக்கு அய்யா வேண்டாமா?"

"அப்பம் ஒரு பொட்டு வச்சாப் போதும் மாமி!"

"அவிய எண்ணெ ஊத்தும்போ போதும்னு சொன்னியா?"

அம்மா டப்பாவை அப்படியே கவிழ்த்துவிட்டாள்.

ஞானதாஸ் வாயைத் திறந்தார். கொஞ்சம் யோசித்தார். மூடிக்கொண்டார்.

"மக்கா, இப்பம் வண்டிய ஒண்ணு எடு பாப்போம்," என்றாள் அம்மா.

செல்லையா எடுத்தார்.

கிளட்ச் பிடித்த பிடியில் அப்பாவின் வெளிக்கால் தானாக உள்ளே வந்தது. துண்டு பறந்து பஸ் டிரைவரிடம் போனது. ஏற்றம் முடிந்தது. சந்தையும் முடிந்தது. ஊரைத் தாண்டித்தான் நின்றோம்.

"நாமத்து மண்ணு எண்ணெயக் குடிச்சிட்டுது, அவ்வளவுதான்," என்று ஞானதாஸ் செல்லையாவின் காதில் சொன்னார். பிறகு அம்மாவிடம் வந்து, "அம்மா, ரெண்டு நாமக்கட்டி தருவியளா? டூல்ஸ் பெட்டிக்கு..." என்றார். (சர்ச்சில் யாரும் சொல்லிவிடாதீர்கள்.)

அம்மா அய்யாவைக் கும்பிட்டாள்.

அப்பா இறங்கி, காரை ஒரு சுற்று சுற்றி வந்து, செல்லையாவின் தோளில் தட்டினார்.

"பாத்தீரா மருமவனே, நம்ம செக்கு எண்ணெக்க பவர!"

மருமவனே! முதல் தடவையாக!

எனக்குத் திரும்பவும் அழுகை. இது வேறு அழுகை.

"கல்யாணத்துக்கு ஒரு டின்னு தாரேன். மாசா மாசம் ஊத்தும்."

"சரி மாமா," என்றார் செல்லையா.

கல்யாணம் தை மாதம். மாமனாரிடம் 'போதும்' என்று சொல்லத் தெரிந்த மருமகன் யாராவது இருந்தால் எப்படி என்று கமெண்டில் சொல்லுங்கள்.

அதுவரைக்கும் அம்மா நாமக்கட்டி இடித்துக்கொண்டிருக்கிறாள்.