சிலுவை வீட்டுச் சுவரோரம் கூடிய பூனைகள்

ஆக்னஸ் என் சின்னம்மை மகள். சின்னம்மைக்கு இரண்டே பிள்ளைகள். மூத்தவன் பவுல், இளையவள் ஆக்னஸ். ஆக்னஸைக் கட்டியவன் சிலுவை. அவனுடைய அம்மா எங்கள் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. ஆக, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருமே எனக்குச் சொந்தம். திரேஸ்புரத்தில் அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒற்றைச் சுவர்தான். அந்தச் சுவரோரம் நடந்ததைத்தான் சொல்கிறேன்.

ஆக்னஸ் கருவாடு போடுகிறவள். கரையில் மீன் எடுத்து, கீறி, உப்பிட்டு, வீட்டுக்குப் பின்னால் பாயில் காயப்போடுவாள். அந்தத் தொழில் செய்கிறவர்கள் பூனையைக் கண்டால் கல்லெடுப்பார்கள். இவளோ இரண்டு பூனைகளைச் சோறு போட்டு வளர்த்தாள். ஆண் பூனைக்குப் பேர் கப்பித்தான். ஒரு காது கிழிந்த மஞ்சள் பூனை. பெண் பூனைக்குச் சீமாட்டி.

"வயிறு நெறஞ்ச பூனை எதுக்குக்கா களவெடுக்கப் போவுது?" என்பாள்.

வீட்டுப் பூனை சரி, தெருப் பூனையை என்ன செய்வது? மீன் ஏலம் போடும் கரை பக்கத்திலேயே இருந்ததால் எங்கள் தெருவில் மனுஷருக்குச் சமமாகப் பூனை உண்டு. பொழுது சாயும் நேரத்தில் ஓட்டின் மேல் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு பச்சைப்பிள்ளை அழுகிற மாதிரி கத்தும். எது எந்த வீட்டில் பிறந்தது, எதற்கு எது தங்கச்சி மகன் என்று ஆக்னஸ் வம்சம் சொல்லுவாள். அதனால் யார் வீட்டில் மீன் தலை காணாமல் போனாலும் முதலில் அவள் வாசலில் வந்துதான் சத்தம் போடுவார்கள்.

சிலுவை சங்கு குளிக்கிறவன். கண்ணாடி போட்டு முங்குகிறவர்கள் அப்போது வந்துவிட்டார்கள். ஆனாலும் ஆழம் கூடின இடத்தில் சிலுவை பழையபடி கல்லைப் பிடித்துத்தான் இறங்குவான். அப்படி இறங்குகிறவனுக்கு மேலே கயிறு பிடிப்பவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனாக இருக்கவேண்டும் என்பது எங்கள் ஆட்களின் பழக்கம். தங்கச்சி தாலிக்காக அவன் கயிற்றைக் கைவிடமாட்டான் என்று ஒரு நம்பிக்கை. சிலுவைக்குப் பவுல் பிடித்தான். கல்யாணமான வருஷத்திலிருந்து அவன்தான்.

எடுக்கிற சங்கெல்லாம் சர்க்கார் கிட்டங்கிக்குப் போய்ச் சேரவேண்டும். ஒன்றை ஒளித்தாலும் குற்றம். அதிலும் வலம்புரி ஒன்று கிடைத்துவிட்டால் ஏழு தலைமுறைக்குப் போதும் என்பார்கள். ஆனால் சங்கை ஒளிப்பது லேசில்லை. உள்ளே சதை இருக்கிறதே. மண்ணில் புதைத்துவைத்து, சதை அழுகிக் கழலுகிறவரை காத்திருக்கவேண்டும். அந்த வாடை மனுஷ மூக்குக்கு எட்டாவிட்டாலும் பூனை மூக்குக்கு எட்டிவிடும். என் பெரிய மாமன் கஸ்பார் தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஒரு சங்கைப் புதைத்துவைத்து, பூனைகள் பானையை உருட்டியதால் அகப்பட்டார். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் சங்கு குளிக்கிறவன் வீட்டோரம் நாலு பூனை கூடினால் நாற்பது கண் கூடும்.

எழுபத்தைந்தாம் வருஷம், தை மாதம். புதன்கிழமை சாயங்காலம் பவுல் என் வீட்டுக் குசினி வாசலில் வந்து உட்கார்ந்தான். காப்பி கொடுத்தேன். குடிக்கவில்லை.

"யக்கா, ஒன்கிட்ட மட்டும் சொல்லுதேன். திங்கக்கெழம மச்சான் கல்லப் பிடிச்சு எறங்குனாரா? கயிறு ஆடுச்சு. தூக்கச் சொல்லுதாருன்னு இழுத்தா, வரமாட்டேங்காரு. மறுபடியும் ஆடுது. மறுபடியும் நிக்கிது. கடைசில மேல வந்தவரு எம்மூஞ்சியப் பாக்கல. பையில ரெண்டே ரெண்டு சங்கு."

"மூச்சு முட்டியிருக்கும்லே."

"மூச்சு முட்டுனவனுக்குக் கூடக் கொஞ்ச நேரம் கீழ நிக்க எங்கேருந்து மூச்சு வந்துச்சு? கரைக்கு வந்ததும் எல்லாரும் இங்கன வாரோம், அவரு மட்டும் உப்பளம் பக்கமாப் போறாரு. தலைத்துண்ட மூட்டையாக் கட்டிக்கிட்டு வாரத நான் பாத்தேன்."

அவன் சொல்லி முடிப்பதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் ஊளை கிளம்பியது. எட்டிப் பார்த்தோம். ஆக்னஸின் குசினிக்குப் பின்னால், சுவரோரம், ஏழெட்டுப் பூனைகள். மண்ணைப் பிராண்டுவதும் முகத்தைத் தேய்ப்பதும் புரளுவதுமாக இருந்தன. சோற்றுக்குக் குறையில்லாத கப்பித்தானும் அந்தக் கூட்டத்தில் மல்லாந்து கிடந்தது.

பவுல் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். பெரிய மாமன் பேரை இரண்டு பேருமே சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னேன். அவளும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். தோணிக்குச் சொந்தக்காரர் செபாஸ்டின் சம்மாட்டி, பவுலைக் கூப்பிட்டுக் கேட்டார். பவுல் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டான்: "எங்கிட்ட மறைச்சவருக்கு நான் கயிறு பிடிக்கமாட்டேன்." சம்மாட்டியும் ஒரே பேச்சாகச் சொன்னார்: "கயிறு பிடிக்க ஆளில்லாதவனுக்கு என் தோணியில எடமில்ல. ஞாயித்துக்கெழமைக்குள்ள பேசித் தீத்துக்கிடுங்க."

சங்கு குளிக்கிற காலம் ஆரம்பித்துச் சில வாரம்தான் ஆகியிருந்தது. ஆக்னஸுக்குக் கைக்குழந்தை வேறு. தோணியை விட்டு இறக்கினால் ஒளித்தவன் என்ற பேர் ஒட்டிக்கொள்ளும். பிறகு எந்தச் சம்மாட்டியும் ஏற்றமாட்டான்.

சனிக்கிழமை காலையில் சிலுவை கரைக்குப் போனபின் ஆக்னஸ் வந்தாள்.

"யக்கா, மண்வெட்டி குடு. முருங்கக் கம்பு நடணும்."

கையில் முருங்கைக் கம்பு இல்லை. கண் சிவந்திருந்தது. நான் கேட்காமல் நின்றதும் அவளே தொடங்கினாள்.

"நாலு நாளா எங்கூடப் படுக்கமாட்டேங்காருக்கா. வெளிய கட்டில்ல தனியாப் படுக்காரு. கடல்லேருந்து வந்தா நேரா குசினிக்குப் பின்னால போறாரு. ஏன்னு கேட்டா, சும்மா இரிளாங்காரு. இவரு என்னைக்கு எங்கிட்ட மறைச்சிருக்காரு?"

மண்வெட்டியைக் கொடுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் வெகுநேரம் மண் வெட்டுகிற சத்தம் கேட்டது. திருப்பித் தரும்போது, "கம்பு நட்டாச்சா?" என்றேன். "நட்டாச்சு" என்றாள். இரண்டு பேரும் பொய்தான் பேசினோம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக எல்லாரும் அங்கேதான் வந்தார்கள். சம்மாட்டி முன்னால், பவுல் பின்னால், அதற்குப் பின்னால் தெரு. முக்குக்கடை செல்லக்கனியும் வெற்றிலையை மென்றுகொண்டு வந்து நின்றாள். அவள் ஏரல் பக்கத்துக்காரி. எங்கள் தெருவில் கடை போட்டுப் பத்து வருஷம்.

சிலுவை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "பாருங்க. நல்லாப் பாருங்க. எங்கிட்ட ஒளிக்க ஒண்ணுங் கெடையாது" என்றான். சொல்லும்போது ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றான். அதையும் எல்லாரும் கவனித்தார்கள்.

பூனைகளைக் கம்பால் விரட்டிவிட்டுச் சுவரோரம் பார்த்தால், மண் புதிதாகத் தோண்டி மூடியிருந்தது. மண்ணை அள்ளிப் பார்த்தால் முழங்கால் ஆழக் குழி. உள்ளே ஒன்றும் இல்லை. வாடிப்போன செடியும் வேருமாகக் கொஞ்சம் குப்பை கிடந்தது.

"பாத்தீங்களா?" என்றான் பவுல். "நேத்தே தோண்டி எடுத்தாச்சு. கைமாறியாச்சு. ஏன் மச்சான், நான் கேட்டா பாதி குடுக்கணும்னா பயந்தீரு?"

"ஏலே, இந்தக் குழிய நான் தோண்டல!"

"பெறவு? பூனை தோண்டுச்சாக்கும்!"

கூட்டம் சிரித்தது. சிலுவைக்கே அது புரியவில்லை. குழியைப் பார்க்கிறான், பவுலைப் பார்க்கிறான், சுவருக்கு மேலாக என்னைப் பார்க்கிறான். நான் சொல்லியிருக்கலாம். மண்வெட்டி என்னுடையது. ஆனால் நான் ஆக்னஸின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசாமல் இருந்தால் புருஷன் கள்ளன். பேசினால், அவனையே சந்தேகப்பட்ட இவள் அவனுக்கு முன்னால் யார்?

பிள்ளையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நான்தான் தோண்டுனேன்."

"நீ எதுக்குளா தோண்டுன?" என்றார் சம்மாட்டி.

"நீங்க எதுக்கு வந்தீங்களோ அதுக்குத்தான். நானுந்தான் சந்தேகப்பட்டேன். இருக்குன்னு நெனச்சுத் தோண்டுனேன். ஒண்ணுமே இல்ல. இந்தக் குப்பைதான் கெடந்துச்சு. மாதா மேல ஆணையாச் சொல்லுதேன்."

சிலுவை கட்டியிருந்த கையைத் தொங்கவிட்டான். பவுல் சொன்னபோதுகூட அவன் முகம் அப்படி ஆகவில்லை.

அப்போது கப்பித்தான் காலிடுக்கில் நுழைந்து வந்து, குழியில் கிடந்த வேரைக் கவ்வி இழுத்துப்போட்டு, அதன்மேல் விழுந்து புரண்டது. சீமாட்டி ஓடி வந்து தன் பங்குக்குப் புரண்டது. செல்லக்கனி வெற்றிலையைத் துப்பிவிட்டுக் குனிந்து அந்தச் செடியை எடுத்தாள்.

"அட, குப்பைமேனில்லா இது! எங்க ஊர்ல பூனைவணங்கிம்பாவ. இத வேரோட புடுங்கிப் போட்டா ஊர்ப் பூனையெல்லாம் கள்ளு குடிச்ச மாதிரி வந்து உருளுமே. ஒங்களுக்குத் தெரியாதாக்கும்?"

குப்பைமேனி இலையை உப்பு வைத்துக் கசக்கித் தேய்த்தால் சொறி போகும் என்பது எங்களுக்கும் தெரியும். வேரின் சங்கதிதான் தெரியாது. கடற்கரை ஆட்கள் பூனை கூடியதும் சங்கை நினைத்தோம். செடியை யார் நினைத்தார்?

"இதப் புடுங்குனது யாரு? யாருக்கு இங்க சொறி?" என்று செல்லக்கனி சுற்றிலும் பார்த்தாள்.

சிலுவை மறுபடியும் காலை மாற்றி நின்றான். எல்லார் கண்ணும் அந்தக் காலுக்குப் போனது. பவுலுக்குத்தான் முதலில் விளங்கியது.

"மச்சான்... எங்க அரிக்கி?"

"சொல்லக்கூடாத எடத்துல அரிக்கிலே! போதுமா?" என்று கத்தினான் சிலுவை. "சொறிக்காரன்னு தெரிஞ்சா தோணியில ஏத்துவீங்களா? ஒரே பானையில தண்ணி குடிக்க விடுவீங்களா? அதான் உப்பளத்துப் பக்கம் போயி புடுங்கிட்டு வந்து, யாருக்கும் தெரியாமத் தேச்சிட்டு மண்ணப் போட்டு மூடுனேன்."

"அப்ப தண்ணிக்குள்ள கயிறு ஆடுனது?"

"உப்புத்தண்ணி பட்டா எரியுமா எரியாதா? ஒரு கையில கயிறு, ஒரு கையில சொறிதேன். ஆடாம என்ன செய்யும்?"

சிரித்த சிரிப்பில் சுவரோரம் நின்ற பூனைகள் ஓட்டின் மேல் ஏறிவிட்டன. சம்மாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பத்து நாள் கரையில் இரு, ஆறினதும் வா, இடம் எங்கேயும் போகாது என்றார். செல்லக்கனி நம்பாதவர்களுக்காக ஒரு வேரைக் கொண்டுபோய்ப் பவுல் வீட்டு வாசலில் போட்டாள். கொஞ்ச நேரத்தில் அங்கே ஆறு பூனை. "ஏலே பவுலு, ஒன் வீட்டுலயும் தோண்டணுமாலே?" என்று தெரு கேலி பண்ணியது. பதினோராம் நாள் பவுல் பழையபடி கயிற்றைப் பிடித்தான். அதற்குப் பிறகு சிலுவை கடலை விடுகிறவரை வேறு யாரும் பிடித்ததில்லை.

மச்சான்களுக்குள் அது கேலியாகப் போய்விட்டது. வீட்டுக்குள் அப்படிப் போகவில்லை. அன்றைக்குக் கூட்டம் கலைந்ததும் சிலுவை அந்தக் குழியைத் தானே மூடினான். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

"அவனுவ நெனச்சா நெனச்சுட்டுப் போறானுவ. நீயும் தோண்டுனியேளா."

"நீரு சொல்லியிருக்கலாம்லா."

அதோடு சரி. அந்தப் பேச்சை இரண்டு பேரும் பிறகு எடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து கரையிலிருந்து வந்ததும் சிலுவை குசினி வாசலில் நின்று, தலைத்துண்டை அவிழ்த்து, அவள் முன்னால் ஒருதரம் உதறிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போவான். முதல் சில மாதம் அவள் அழுதாள். "வேண்டாம்னு சொல்லுதேன்லா" என்று கெஞ்சினாள். அவன் கேட்கவில்லை. பெரிய மகள் பிளாரன்ஸ் கல்யாணத்தன்றுகூட உதறினான்.

போகப்போக அந்தத் துண்டில் இரண்டு மூன்று பொடி மீன் இருக்கத் தொடங்கியது. உதறினால் விழும். கப்பித்தானும் சீமாட்டியும் அதற்குப் பிறகு அவற்றின் பிள்ளைகளும் வாசலிலேயே காத்திருக்கும். ஆக்னஸ் திரும்பிப் பார்க்காமல் அடுப்பை ஊதிக்கொண்டிருப்பாள்.