ஃபேன் இல்லாத பெட்டி

எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் உறை உண்டு. டிவிக்கு, மிக்சிக்கு, தையல் மிஷினுக்கு, வண்டிக்கு. வீடு ரெட்டிபாளையம் பக்கம், சிமெண்ட் லாரி போகிற ரோட்டை ஒட்டி. காலையில் துடைத்த மேசையில் சாயங்காலம் விரலால் பெயர் எழுதலாம்.

உறை தைப்பது மனைவி. முதலில் வீட்டுக்குத் தைத்தாள், பிறகு தெருவுக்கு, பிறகு வெளியூருக்கு. ஒவ்வொரு உறையின் ஓரத்திலும் ஒரு சின்ன நாடா வைத்துத் தைப்பாள். அதில் அவளுடைய வெப்சைட் பெயரும் மெயில் முகவரியும் இருக்கும். போன் நம்பர் மாறும், இது மாறாது என்று வெப்சைட் செய்து கொடுத்தவர் சொல்லியிருந்தார். அவர் வெளிநாடு போய்விட்டார். வருடக் கட்டணம் கட்ட ஆளில்லை. வெப்சைட் நின்றது, மெயிலும் நின்றது. அதோடு ஒரு பெரிய ஆர்டரும் போனது. கேட்டவர்கள் வேறு இடத்தில் தைத்து வாங்கிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

விற்ற உறைகளில் தைத்த நாடாவைப் போய்ப் பிரிக்க முடியாது. அதனால் அதே பெயரைக் கட்டணம் கட்டி மீட்டேன். இனி வெப்சைட்டுக்கும் மெயிலுக்கும் ஏதாவது கம்பெனியின் கம்ப்யூட்டரில் வாடகைக்கு இடம் பிடிக்கலாம் என்றேன்.

"மறுபடியும் இன்னொருத்தர் கையிலயா? நம்ம வூட்டுலயே வச்சிக்க முடியாதா?" என்றாள்.

முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஆசை வந்தது.

நான் கேபிள் லைன்மேன். கம்பத்தில் ஏறி ஃபைபர் இழுத்து வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கிறேன். படிப்பு எட்டாவது. மெயில் வரும் வழி தெரியும். அது எங்கே போய் உட்காருகிறது என்று யோசித்ததில்லை. விசாரித்தால் விஷயம் சின்னது. எந்நேரமும் ஓடுகிற ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். இன்டர்நெட்டில் மாறாத ஒரு நம்பர் வேண்டும். நம்பரை எங்கள் ஆபீசில் கேட்டு வாங்கினேன். கம்ப்யூட்டரைத் தேடினேன்.

அரியலூரில் ஒரு கடையில் பழைய பெரிய பெட்டி ஒன்றைக் காட்டினார்கள். மலிவு. ஓடவிட்டுப் பின்னால் கை வைத்தேன். ஃபேன் காற்றை நன்றாக இழுத்தது. அதுதான் பயம். எங்கள் பக்கத்தில் இப்படி ஒன்றைத் திறந்து பார்த்திருக்கிறேன். உள்ளே போன தூசி மழைக்கால ஈரத்தில் இறுகி, ஃபேன் இறக்கையில் கொத்தனார் பூசியது போல் இருந்தது.

அடுத்து உள்ளங்கை அளவில் ஒரு போர்டு. ஃபேன் கிடையாது, விலையும் குறைவு. ஆனால் எல்லாவற்றையும் மெமரி கார்டில் எழுதுமாம். கரண்ட் போய்ப் போய் வந்தால் கார்டு கெட்டுவிடும் என்றார் அதை வைத்திருந்தவர். எங்கள் தெருவில் கரண்ட் போய்ப் போய்த்தான் வரும்.

ஸ்கிரீன் உடைந்த லேப்டாப் ஒன்று வந்தது. அதிலேயே பேட்டரி இருந்தது. மனது அதில் நின்றது. திருப்பிப் பார்த்தேன். அடியில் ஃபேன்.

பெரம்பலூரில்தான் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். ஏதோ ஆபீசில் கழித்தது. தடித்த நோட்டு அளவு, மேல்மூடி கெட்டி அலுமினியம். ஆன் செய்து காதை வைத்தேன். சத்தம் இல்லை.

"என்னண்ணே, நாடி பாக்குறீங்களா?" என்றார் கடைக்காரர்.

"ஓடுதா?"

"ஓடுது. ஃபேன் இல்ல, அதனால அதுக்கு வாய் கெடையாது, அவ்வளவுதான். கேம் வெளாட வாங்கிடாதீங்க, திக்கும்."

"மெயில் வாங்கி வைக்குமா?"

"எத்தன பேருக்கு?"

"ஒருத்தருக்கு."

"ஒருத்தருக்கா? உங்க ஊருக்கே வாங்கி வைக்கும்ணே."

அடாப்டரைப் பார்த்தேன். பன்னிரண்டு வோல்ட். மோடம் அணையாமல் இருக்க நாங்கள் வைக்கிற சின்ன பேட்டரியும் பன்னிரண்டு வோல்ட். ஆம்பியரும் ஒத்துப்போனது. வாங்கிவிட்டேன்.

"டிபன் பாக்ஸ் வாங்கியாந்திருக்கீங்க," என்றாள் மனைவி.

அவள் பன்னிரண்டாவது வரை படித்தவள். இலவசமாகக் கிடைக்கிற சிஸ்டத்தைப் போனில் பார்த்துப் பார்த்துப் போட்டோம். இங்கிலீஷை அவள் படித்துச் சொல்ல, நான் தட்டினேன். தப்பு சிவப்பாக வரும். ஏன் வந்தது என்று தேடுவோம். அந்தத் தேடல் எனக்குப் பிடித்திருந்தது. முதல் மெயிலை அவளே அவளுக்குப் போட்டாள், "சாப்பிட்டாச்சா" என்று. வந்து சேர்ந்தது. வெப்சைட்டையும் அதிலேயே ஏற்றி, பெட்டியை அலமாரியில் வைத்தோம்.

பிறகு தஞ்சாவூரில் இருந்து ஒரு பல் ஆஸ்பத்திரி போன் செய்தது. எங்கோ நாடாவைப் பார்த்து, வெப்சைட்டில் நம்பர் எடுத்திருக்கிறார்கள். நோயாளி சாயும் நாற்காலிகளுக்கு எல்லாம் உறை வேண்டும்.

"அளவும் படமும் மெயில்ல அனுப்புறோம்மா. திங்கக்கெழம காலையில டாக்டர் முடிவு பண்ணிடுவாரு. அதுக்குள்ள வெல சொல்லிடுங்க."

அப்போது திருமானூர் பக்கம் கரும்பு லாரி ஒன்று லைனை இழுத்துக்கொண்டு போயிருந்தது. நான் அங்கே தங்கி வேலை பார்த்தேன். ஞாயிறு மதியம்தான் வீடு வந்தேன்.

"இன்னும் வரலைங்க," என்றாள்.

அலமாரியைப் பார்த்தேன். பெட்டி புது நீல உறை போட்டிருந்தது. ஒயருக்குத் துளை விட்டு, துளைக்கும் ஓரம் அடித்திருந்தாள். உறையைத் தூக்கினேன். பெட்டியின் விளக்கு எரியவில்லை.

"எப்ப போட்ட?"

"வெள்ளிக்கெழம. தூசி படுமேன்னு."

"ஃபேன் இல்ல, தூசி உள்ள போவாதுன்னு சொன்னேன்ல."

"மேல படுமுல்ல?"

அதுவும் சரிதான். ஃபேன் இல்லை என்று சொன்னேன். ஃபேன் இல்லாவிட்டால் சூடு மூடி வழியாகத்தான் வெளியே போகும் என்று சொல்லவில்லை. சூடேறித் தானாக நின்றிருக்கிறது. உறைக்குள் விளக்கு அணைந்ததை யார் பார்ப்பது?

அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை, எடுக்க ஆளில்லை.

"போன தடவயும் இப்புடித்தான்," என்றாள். எனக்குச் சோறு போட்டாள். அவள் சாப்பிடவில்லை.

பெட்டியை ஓடவிட்டு முன்னால் உட்கார்ந்தேன். மெயில் எதுவும் இல்லை. வாங்க ஆளில்லாத மெயில் எங்கே போகும்? ஃபைபருக்குள் எல்லாம் வெளிச்சமாகத்தான் போகும், வெளிச்சம் நிற்காது. வந்தால் வந்தது, போனால் போனது. அதனால் வழியில் தங்க முடியாது. இங்கேயும் வரவில்லை.

"அனுப்புன எடத்துலதான் இருக்கணும்," என்றேன்.

"இருந்து?"

பெட்டியின் மூடியில் கை வைத்துச் சூடு பார்த்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் போன் ஒலித்தது. மெயில். நாற்காலியின் படம், அளவு, எல்லாம் இருந்தது. தேதியை ஒருமுறைக்கு இருமுறை படித்தாள்.

"நேத்து காலையில அனுப்புனதுங்க இது! ஆளு இல்லன்னா திரும்பத் திரும்ப வந்து தட்டுமா?"

"தட்டும் போல."

"நம்ம கூரியர்காரன் ஒரு தடவகூட தட்ட மாட்டான்."

உடனே உட்கார்ந்து கணக்குப் போட்டு விலை எழுதி அனுப்பினாள். பிறகுதான் சாப்பிட்டாள். திங்கள் காலையில் போன் வந்தது. துணி சாம்பிள் கொண்டு வரச் சொன்னார்கள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன். எத்தனை நாள்தான் தட்டும் என்பது எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. பெட்டியை வேண்டுமென்றே ஒரு வாரம் அணைத்துப் போட்டு, ஆபீசில் இருந்து ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றேன்.

பஸ் படியில் ஒரு காலை வைத்துத் திரும்பினாள்.

"நாற்காலி அத்தனைக்கும் தச்சு முடிக்கிறேன். அப்புறம் ஒரு மாசம்கூட அணச்சிப் போடுங்க. அதுவரைக்கும் அது மேல கைய வைக்காதீங்க."