ஏணியோடு வந்த சகாயசெல்வி

சகாயசெல்வியைப் பார்த்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எலக்ட்ரீசியன் வரலையா?" நானும் அதையேதான் கேட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. தோளிலிருந்த மடக்கு ஏணியை இறக்கி வைத்துவிட்டு, "நான்தாம்மா அது" என்றாள்.

மரக்காணம் உப்பளத்தில் ஒன்பது வருடம் உப்பு சுமந்தவள். மழை மாதங்களில் அளத்தில் வேலை இருக்காது. அந்த மாதங்களில்தான் வயரிங் படித்தாள்.

ஃபேன் ரெகுலேட்டர் மாற்றத்தான் அவளைக் கூப்பிட்டிருந்தேன். என் கவலை வேறு. எனக்கு வீசிங். அதற்காக, சென்னையிலிருக்கும் என் மகள் நிவேதா எங்கள் கடலோரக் கூனிமேட்டு வீட்டில் காற்று மாற்றும் மெஷின் பொருத்தியிருந்தாள். உள்காற்றை வெளியே தள்ளிவிட்டு, வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே விடும். வீட்டுக்குள் ஈரம் ஏறினால் சென்சார் சொல்லும், மெஷின் தானாக வேகமெடுக்கும். எல்லாம் அவள் செல்போனில் தெரியும். நான் தும்மினால்கூடத் தெரியும் போலிருக்கிறது.

ஆனால் மெஷின் வந்தபிறகு வீசிங் கூடிவிட்டது. காலையில் பொரித்த அப்பளம் சாயங்காலம் துணி மாதிரி தொங்கியது. "ஞாயித்துக்கிழமை வர்றேன். வீட்ட பூட்டிட்டு என்கூட வந்துடும்மா" என்று நிவேதா முடிவாகச் சொல்லிவிட்டாள். அவளுடைய பதிமூன்றாவது மாடி ஃபிளாட்டில் நான் யாரிடம் சண்டை போடுவது? அழுகை வந்தது, கோபமும் வந்தது.

ரெகுலேட்டரை முடித்த செல்வி, மெஷினிலிருந்து காற்று வரும் இடத்தில் கையை நீட்டிப் பார்த்தாள்.

"மதியானத்துக்கு மேல ரொம்ப வேகமா சுத்துதாம்மா?"

"நிக்கவே மாட்டேங்குது."

"அப்ப வர்றது கடல் காத்து, ஈரக் காத்து. உள்ள ஈரம்னு இது இழுக்குது. இழுக்க இழுக்க இன்னும் ஈரமாவுது. காஞ்ச மேக்காத்து அடிச்சாதான் அளத்துல உப்பு நல்லா விளையும். வெளிய என்ன காத்துன்னு இதுக்கு யாரும் சொல்லித்தரல."

நிவேதாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். செல்வி விஷயத்தைச் சொன்னாள். "அக்கா, அது கம்பெனி செட்டிங்" என்றாள் அவள்.

"அவங்க மேல தப்பில்ல மேடம். அவங்களுக்கு நம்ம ஊர் காத்து தெரியாது."

மறுநாள் செல்வி வெளிச்சுவரில் இன்னொரு சென்சார் பொருத்தினாள். நிவேதா அங்கிருந்தபடியே அதை மெஷினோடு இணைத்து, வெளியே ஈரம் குறைவாக இருந்தால் மட்டும் வேகமெடு, இல்லாவிட்டால் மெதுவாகச் சுற்று என்று மாற்றினாள். அன்று நாலு மணிக்கு மெஷின் பழையபடி கத்தியது. எனக்கு மனசே விட்டுப்போயிற்று.

காலையில் வந்து பார்த்த செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். "மேக்கு சுவத்துல வெச்சிட்டேன். வெயில் பட்டு, காத்து காஞ்சிருக்குதுன்னு நெனச்சிடுச்சு. தப்பு என்னுதும்மா." சாக்குச் சொல்லாமல் தப்பை ஒத்துக்கொள்கிற ஆளைப் பார்த்து எத்தனை வருடமாயிற்று! எனக்கு அவளை அப்போதுதான் ரொம்பப் பிடித்துப்போனது. சென்சாரை வடக்குச் சுவரில் நிழலுக்கு மாற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை நிவேதா என் துணிமணிகளை எடுத்துப்போகப் பெரிய காலிப் பெட்டியோடு வந்தாள். மூன்று மணிக்குக் கடல் காற்று எழுந்தது. மெஷின் அடங்கி முணுமுணுத்தது. அவள் போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வீசிங் அடியோடு போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் நெஞ்சில் விசில் சத்தம் இல்லை. காலை அப்பளம் ஒன்றை எடுத்துக் கடித்தாள். நொறுங்கியது. இன்னும் நாலு தின்றாள்.

சென்சாரைச் சரிபார்க்க வந்திருந்த செல்வி, ஏணியை மடக்காமல் நின்றாள். "மேடம், அந்தப் பெட்டிய பரண்ல ஏத்திடட்டுமா?"

நிவேதா பெட்டியை ஏணிப் பக்கம் தள்ளினாள். "ஏத்திடுங்கக்கா."

நான் ஓடிப்போய் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.